பாண்டுக்குழி ஆத்தாவின் வாரிசுகள்

இறந்த தேதி என்ற கட்டத்தில் தன்ஷிகா கி.மு. 730 என்று அடித்தாள். கட்டம் சிவந்தது. உத்தேசமாக என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். மறுபடியும் சிவந்தது. நடப்பது 2071ஆம் ஆண்டு. நிலவில் ஆள் குடியேறி, அங்கேயும் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, அதற்கு ஒரு சாலை மறியலும் நடந்து முடிந்துவிட்டது. இ-சேவை மையத்துக் கணினியின் சிவப்புக் கட்டத்தை மட்டும் எந்த அரசாங்கத்தாலும் அசைக்க முடியவில்லை.

"இவ்வளவு பழைய சாவெல்லாம் எடுத்துக்காதுங்க," என்றாள் தன்ஷிகா. "ஒண்ணாம் வருஷம், ஒண்ணாந்தேதின்னு போட்டாத்தான் உள்ள போகுது. போட்டுரட்டுங்களா?"

"போடுங்க மேடம். எழுநூறு வருஷம் முன்னப் பின்ன இருந்தா யார் வந்து கேக்கப் போறாங்க?" என்று சிரித்தான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற விபீஷ். வான்தடம் என்ற நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். வெயிலில் வந்தும் வேர்க்காத முகம்.

அவன் பக்கத்தில், தேய்த்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு நின்றது மித்ரன். தன்ஷிகாவின் புருஷன். வந்திருந்தது வாரிசுச் சான்றிதழுக்கான விண்ணப்பம். இறந்தவர், சடையன்வலசு மேய்ச்சல் மேட்டில் பாண்டுக்குழி என்று ஊரார் சொல்லும் கற்குவியலுக்கு அடியில், ஒரு பெரிய மண்தாழிக்குள் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி. வாரிசுகளின் எண்ணிக்கை ஒன்று. வாரிசின் பெயர் மித்ரன்.

எல்லாம் தொல்லோர் வாரிசுரிமைச் சட்டம் செய்த கூத்து. ஒரு சிட்டிகை எலும்புத் துகளைப் போட்டால், அந்த ஆளின் வம்சத்தில் இன்று யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்லிவிடும் பெட்டி ஒன்று சில வருஷங்களுக்கு முன் வந்தது. பெட்டி வந்ததும் கேள்வியும் வந்தது. பேரன் பேத்தி இருக்கும்போது எலும்பு மட்டும் எப்படி அரசாங்கத்துச் சொத்தாகும்? அருங்காட்சியக அலமாரியில் எண் ஒட்டிக் கிடக்கும் மண்டையோடுகளை அந்தந்த மனுஷர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று நல்ல மனசோடு சட்டம் போட்டார்கள். வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் எந்தப் பழைய கல்லறையையும் நகர்த்தக் கூடாது என்று அதில் ஒரு வரி. சம்மதம் இருந்தால் நகர்த்தலாம் என்றும் அதே வரிக்கு அர்த்தம் வரும் என்பது, எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. விபீஷின் நிறுவனத்துக்குத் தோன்றியது.

பாண்டுக்குழியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு மேற்கே எண்பது ஏக்கர் மேய்ச்சல் மேடு. கொழுக்கட்டைப் புல்லும் அங்கொன்று இங்கொன்றாக வெள்வேல மரமும் தவிர வேறொன்றும் கிடையாது. நாள் முழுக்க ஒரே சீராகக் காற்றடிக்கும். நட்டநடுவே ஆளுயரக் கற்களை வட்டமாக நட்டு, உள்ளே கூழாங்கல்லைக் கொட்டிக் குவித்த மேடு. பக்கத்தில் நீலப் பலகை: பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், இருநூறு மீட்டருக்குள் கட்டடம் கூடாது. அந்தப் பலகையின் புண்ணியத்தில்தான் எண்பது ஏக்கரும் புல்லாகவே இருந்தது. பன்னிரண்டு குடும்பத்துச் செம்மறிகள் அதை நம்பி வயிறு வளர்த்தன. அதில் அறுபது ஆடு மித்ரனுடையது. வான்தடத்துக்கோ அங்கே சரக்கு ட்ரோன்கள் ஏறி இறங்கத் தளம் வேண்டும். சமதளம், நல்ல காற்று, கிட்டத்தில் வீடு கிடையாது. நடுவில் ஒரு கிழவி மட்டும் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறாள்.

அதனால் போன மாசியில் ஊரில் ஓர் இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். குழாயில் எச்சில் துப்பினால் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ். மூடி சரியாக மூடாத ஹாட்பாக்ஸ்தான், இருந்தாலும் ஊரே வரிசையில் நின்று துப்பியது. தன்ஷிகாவும் துப்பினாள். துப்பியதையெல்லாம், தொல்லியல் துறை எப்போதோ எடுத்து வைத்திருந்த பாண்டுக்குழி எலும்புத் துகளோடு பெட்டியில் ஒப்பிட்டார்கள். பத்து நாள் கழித்து விபீஷ் மாலையோடு வந்து, பாண்டுக்குழியின் ஒரே வாரிசு நீங்கள்தான் என்று மித்ரனின் கழுத்தில் போட்டான்.

யாருடைய கழுத்தில் போட்டால் அது பாரமாக இருக்கும் என்று தெரிந்தே போட்டது போலிருந்தது. மித்ரனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் ஒருவரும் கிடையாது. திண்டுக்கல்லில் ஓர் இல்லத்தில் வளர்ந்தவன். தீவன லாரி ஓட்டிக்கொண்டு சடையன்வலசுக்கு வந்தவன், தன்ஷிகாவைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், அதோடு லாரி போய்விட்டது, அவன் மட்டும் தங்கிவிட்டான். இருபது வருஷம் ஆகிறது. அந்த ஊரில் ஒரு விசேஷம் என்றால் பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம். வாசலில் கால் வைத்ததுமே "நீங்க என்ன முறை வேணும்?" என்று கேட்டுத்தான் உட்கார வைப்பார்கள். முறை இல்லாதவன் எங்கே உட்காருவான்? மித்ரன் நேராகச் சமையல் பந்தலுக்குப் போய் சாம்பார் வாளியைத் தூக்கிவிடுவான். வாளி தூக்கியவனிடம் யாரும் முறை கேட்பதில்லை. இருபது வருஷத்தில் அவன் உட்கார்ந்து சாப்பிட்ட பந்தி ஒன்றுகூடக் கிடையாது.

தன்ஷிகாவும் அவனை மாமா என்று கூப்பிட்டதில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் புருஷனை மாமா என்பார்கள். கல்யாணமான புதிதில் இவள் ஒருதரம் அப்படிக் கூப்பிடப் போக, "இவன் எந்த வழியிலடி மாமன்?" என்று கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

"இறந்தவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்குது," என்றாள் இப்போது. "தெரியாதுன்னு அடிச்சா எடுத்துக்காது. ஏதாச்சும் ஒரு பேரு வேணும்."

விபீஷ் வாயைத் திறப்பதற்குள் மித்ரன் சொன்னான். "ஆத்தான்னு போடு."

இவர்கள் பக்கத்தில் ஆத்தா என்றால் பெற்ற தாய். தன்ஷிகா திரையைப் பார்த்தபடியே அடித்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்தது இணைப்பு. பெட்டி கொடுத்த அறிக்கை என்று விபீஷ் ஒரே ஒரு பக்கத்தைக் கொடுத்தான். அதில் மேலும் கீழும் கறுப்பு மை பூசி, நடுவில் மித்ரன் பெயர் மட்டும் தெரிந்தது. தன்ஷிகா பதினெட்டு வருஷமாக இ-சேவை மையம் நடத்துகிறவள். காகிதத்தின் மூலையைப் பார்க்காமல் எதையும் ஏற்றமாட்டாள். மூலையில் பொடி எழுத்தில் இருந்தது: பக்கம் 6/11.

வாரிசுச் சான்றிதழில் நடக்கிற தில்லுமுல்லு அவளுக்குத் தெரிந்த அளவு தாசில்தாருக்கே தெரியாது. அக்கா தங்கை பெயரை விட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்குவது ஊருக்கு ஊர் நடக்கிற காரியம். அப்பா இறந்தபோது அவளுடைய அண்ணன் தருண் அதைத்தான் செய்தான். முறை இல்லாதவனைக் கட்டியவள் என்று அவள் பெயரை விட்டுவிட்டு, அந்த விண்ணப்பத்தை அவளுடைய மையத்துக்கே கொண்டுவந்து நீட்டினான். விடுபட்ட வாரிசு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"சர்வர் போயிருச்சுங்க," என்றாள். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. "நாளான்னிக்கு வாங்க."

சாயங்காலம் ஆடு திருப்பும் நேரத்துக்கு மையத்தைப் பூட்டிவிட்டு மேட்டுக்குப் போனாள். மித்ரன் பாண்டுக்குழிக்குப் பக்கத்தில், நீலப் பலகையின் நிழலில் உட்கார்ந்திருந்தான். தேய்த்த சட்டையை மடித்து மடியில் வைத்திருந்தான்.

"மித்ரன், கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமில்ல? இந்த மேடு இருக்காது. பன்னெண்டு வீட்டு ஆடும் எங்க போகும்?"

"ஆட்டுக்கு வேற காடு காட்றேன்னு சொல்லியிருக்காங்க தன்ஷி. அதுவுமில்லாம ஆத்தாளைச் சும்மா தூக்கிப் போடல. கோயம்புத்தூர்ல கண்ணாடி அறை கட்டி, ஏ.சி. போட்டு வைக்கறாங்களாம். நீயே பாரு, இந்த வெயில்ல எப்படிக் கெடக்கறான்னு."

"ரெண்டாயிரத்து எண்ணூறு வருஷமா கெடக்கறவளுக்கு இப்பத்தான் வேர்க்குதாக்கும்?"

மித்ரன் சிரிக்கவில்லை. கல்வட்டத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"என்னோட எல்லா விண்ணப்பமும் நீதான போடறே. தகப்பன் பேரு, தாய் பேருன்னு வர்ற கட்டத்துல என்ன போடுவே? இல்லக் காப்பாளர்னு போடுவே. நாப்பத்தாறு வருஷமா என் பேருக்கு மேல ஒரு பேரு இருந்ததில்ல தன்ஷி. இந்த ஒரு காயிதத்துல இருக்கப் போகுது. அதுக்காக அவங்க எங்க கையெழுத்துக் கேட்டாலும் போடலாம்னு தோணுது. தப்பாத்தான் இருக்கும். ஆனா தோணுது."

பக்கம் ஆறு என்று சொல்ல வந்த தன்ஷிகா, சொல்லாமல் ஆடுகளை எண்ணத் தொடங்கினாள். அறுபதும் இருந்தன.

மறுநாள் காலை தொல்லியல் துறைக்குப் போன் போட்டாள். அந்த வட்டாரத்து நினைவுச் சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஜெசிந்தா மதியமே வந்துவிட்டாள். சட்டத்தை எழுதிய குழுவில் இவளும் ஒருத்தி. வந்ததும் முதல் வேலையாக அதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"நல்லதுக்குன்னு நினைச்சுத்தாங்க எழுதினோம்," என்றபடி பையிலிருந்து பதினோரு பக்கத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். "அறிக்கையோட நகல் ஒண்ணு எங்களுக்கு வந்தாகணும். வந்து ஒரு வாரம் ஆச்சு. நான்தான் இன்னிக்கு உங்க போன் வந்தப்புறம் பிரிச்சேன்."

தன்ஷிகா புரட்டினாள். இருநூற்றுப் பதினான்கு பெயர், நெருக்கத்தின் வரிசையில். முதல் பெயர் அவளுடைய அண்ணன் தருண். நாலாவது பெயர் தன்ஷிகா. ஊரில் எச்சில் துப்பின அத்தனை பேரும் இருந்தார்கள். மித்ரன் நூற்று முப்பத்தொன்றாவது ஆள்.

"அத்தனை பேரையும் விட்டுட்டு இவரை எதுக்குங்க புடிச்சாங்க?"

"மத்த இருநூத்திப் பதிமூணு பேருக்கும், அவங்க கையெழுத்துப் போட்டா ஏன் போட்டேன்னு கேக்க அண்ணன் தம்பி இருக்காங்க. இவருக்கு யாரும் இல்ல. அதைப் பார்த்துத்தான் எடுத்திருக்காங்க."

தன்ஷிகாவுக்கு வந்த கோபத்தில் ஸ்டேப்ளரை எடுத்து வெறும் காகிதத்தில் நாலு முறை அடித்தாள். பிறகு கேட்டாள். "சரி, விடுபட்ட வாரிசுன்னு நான் ஆட்சேபணை போட்டா?"

"போடலாம். அப்ப இருநூத்திப் பதினாலு பேர் சம்மதம் வாங்கணும்பாங்க. ஆளுக்கொரு வேலை தர்றேன்னு வாங்கிருவாங்க. அதுக்கு ஆறு மாசம் போதும்." ஜெசிந்தா டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "நிஜத்துல இருநூத்திப் பதினாலு இல்லங்க. இந்த ஊர்ல மட்டும் தேடினதால இவ்வளவு. உங்களுக்கு அப்பா அம்மா ரெண்டு பேர். தாத்தா பாட்டி நாலு பேர். அதுக்கு மேல எட்டு. இப்படியே முப்பது தலைமுறை மேல போனா உங்க ஒருத்தருக்கு மட்டும் நூறு கோடிப் பேர் பாட்டன் பாட்டியா இருக்கணும். அந்தக் காலத்துல இந்த நாட்டுல அவ்வளவு ஜனமே கிடையாது."

"அப்ப கணக்கு இடிக்குதுங்களே?"

"இடிக்கல. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வர்றாங்க. உங்களுக்கும் எனக்கும் அந்த டீக்கடைக்காரருக்கும் மேல இருக்கறது அதே ஜனந்தான். பாண்டுக்குழி அம்மா நூறு தலைமுறைக்கு முன்ன வாழ்ந்தவங்க. அவங்க வம்சம் அத்துப் போகலன்னா, இன்னிக்கு இருக்கிற அத்தனை பேரும் அவங்க வம்சந்தான். அரசாங்கச் சுகாதாரப் பதிவு முழுசையும் பெட்டிக்குள்ள விட்டா அது எல்லாரையும் கோர்த்துக் காட்டிரும்."

தன்ஷிகா யோசித்தாள். மெதுவாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஏறியது. "எல்லாரும்னா எல்லாருமா? எல்லாரும் சம்மதிக்கணுமா?"

"எல்லாரும். ஆனா முழுசாத் தேடுன்னு நானோ நீங்களோ கேக்க முடியாது. விண்ணப்பம் போட்டவர்தான் கேக்கணும்."

சிரிப்பு அதே வேகத்தில் இறங்கிவிட்டது. விண்ணப்பம் போட்டவனிடம் போய் எதைச் சொல்வது? உன்னைத் தேடி வந்தது ஆத்தா இல்லை, ஆள் இல்லாதவன் யார் என்று தேடி வந்திருக்கிறார்கள் என்றா? நாற்பத்தாறு வருஷம் கழித்துக் கிடைத்த ஒற்றை உறவை ஊரோடு பங்கு போட்டுக்கொள் என்றா? ஆனால் மறைத்தால், அண்ணன் தனக்குச் செய்ததை அவள் புருஷனுக்குச் செய்வதாக ஆகும். அன்று சாயங்காலமே மேட்டுக்குப் போய் பதினோரு பக்கத்தையும் அவன் கையில் கொடுத்து, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

மித்ரன் ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப ஆத்தா நெசந்தான்?"

"நெசந்தான். ஆனா நீங்க தனி ஆள் இல்ல, கூட்டத்தோட இருக்கீங்க. நானே இருக்கேன், நாலாவதா."

"அனாதையாப் பார்த்துப் பொறுக்கியிருக்காங்க," என்றான். "மாலை போட்டப்ப அந்தாளு கண்ணுல தண்ணி வந்துச்சு தன்ஷி. நான் அதையும் நம்பிட்டேன்."

எழுந்து ஆடுகளிடம் போய்விட்டான். அவள் கூப்பிடவில்லை. கூட்டம் வேண்டுமா, தனியே ஒரு ஆத்தா வேண்டுமா என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். மறுநாள் விபீஷ் வந்தபோது அவள் விண்ணப்பத்தை ஏற்றிவிட்டாள். ஏற்றாமல் இருக்க அவளுக்கு உரிமை கிடையாது. மித்ரன் என்ன செய்யப் போகிறான் என்று அவளிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தாலுகா அலுவலகத்தில் விசாரணை. சடையன்வலசிலிருந்து பாதி ஊர் வந்துவிட்டது. தாசில்தார் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த அம்மாள். எதற்கும் அசராதவர். இரண்டாயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய இறப்பு என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். விபீஷ் சம்மதப் பத்திரத்தைப் பேனா மூடியைத் திறந்தே எடுத்து வைத்திருந்தான்.

"வழக்கமாக் கேக்கறதுதான்," என்றார் தாசில்தார். "இறந்த ஆத்தா என்பவருக்கு உங்களைத் தவிர வேறு வாரிசு யாரும் இல்லைன்னு உறுதி கூறுகிறீர்களா?"

யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற ஆள் மித்ரன். ஊரில் அதைச் சொல்லியே கேலி செய்வார்கள். அவன் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்குவதைத் தன்ஷிகா பார்த்தாள். பாதி ஆட்டலில் தலை நின்றது.

"இருக்காங்கம்மா," என்றான் மித்ரன். "நெறையப் பேர் இருக்காங்க. பெட்டிய முழுசாத் தேடச் சொல்லுங்க. ஒருத்தரையும் விடக் கூடாதுங்க. பேரு விட்டுப் போனா எப்படி இருக்கும்னு எங்க வீட்லயே ஒருத்திக்குத் தெரியும்."

பின்வரிசையில் நின்ற தருண் குனிந்து செருப்பைப் பார்த்தான்.

விபீஷ் ஆட்சேபித்தான். தாசில்தார் விதிமுறையைப் புரட்டிப் பார்த்து, விண்ணப்பதாரர் கேட்டால் தேடித்தான் ஆக வேண்டும் என்றார். ஜெசிந்தா பெட்டியைச் சுகாதாரப் பதிவோடு இணைத்தாள். சுவரில் இருந்த திரையில் எண் ஓடத் தொடங்கியது. இருநூற்றுப் பதினான்கு, நாலாயிரம் ஆனது. நாலாயிரம், லட்சமானது. டவாலி தன் பெயரைப் பார்த்து, "நம்ம பேருங்கம்மா," என்றார். கொஞ்ச நேரத்தில் தாசில்தாரின் பெயரும் வந்தது. அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார்.

"சார், உங்க பேருங்க," என்றாள் தன்ஷிகா. விபீஷ், பீளமேடு, கோயம்புத்தூர்.

"அதெப்படி மேடம்? எங்க பூர்வீகம் பாலக்காடு."

"அங்கயும் போகுதுங்க. ஆத்தா நடமாடுன காலத்துல கேரளா எல்லையெல்லாம் போட்டிருக்கல."

எண் ஏழு கோடியே எண்பத்தொரு லட்சத்தில் நின்றது. தமிழ்நாட்டுப் பதிவு அத்தோடு தீர்ந்தது என்றும், மற்ற மாநிலங்களும் இலங்கையும் மலேசியாவும் நிலுவையில் இருப்பதாகவும் பெட்டி எழுதிக் காட்டியது.

"பாதிக்கு மேல சம்மதிச்சா போதாதா?" என்றான் விபீஷ். அவன் முகம் முதன்முறையாக வேர்த்திருந்தது.

"வாரிசுல மெஜாரிட்டி கிடையாது தம்பி," என்றார் தாசில்தார். "ஒரே ஒரு தங்கச்சி கையெழுத்துக்கு அலைஞ்சு செருப்பு தேஞ்சவங்களை முப்பது வருஷமாப் பார்க்கறேன். ஒவ்வொருத்தரும் போடணும். மைனருக்குக் காப்பாளர் போடணும். நீங்க வாங்கி முடிக்கறதுக்குள்ள இன்னும் சில லட்சம் பிறந்திருக்கும், அவங்களும் போடணும். அதுவரைக்கும் அந்த நீலப் பலகை அங்கேயே நிக்கும். முதல் கையெழுத்தா நீங்க போடறீங்களா?"

விபீஷ் பேனாவை மூடினான். பிறகு தன்ஷிகாவின் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "என் பேர் இருக்கற பக்கம் மட்டும் ஒரு காப்பி கிடைக்குமா மேடம்? எங்கம்மாகிட்டக் காட்டணும்," என்றான். அவனும் அந்த ஆத்தாவுக்குப் பிறந்தவன்தானே என்று தன்ஷிகா எடுத்துக் கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே கலவரம். எல்லாரும் ஒரே ஆத்தா வம்சம் என்றால் எல்லாரும் பங்காளி ஆச்சே, பங்காளிக்குள் எப்படிப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று கிளம்பிவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த வீட்டில் பத்திரிகை அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஜெசிந்தா மறுநாள் ஊருக்கே வந்து விளக்க வேண்டியதாயிற்று.

"நூறு தலைமுறைல ஒரு வழியா சொந்தமில்லங்க, ஆயிரம் வழியா சொந்தம். ஒரு வழில பார்த்தா பங்காளி. இன்னொரு வழில பார்த்தா மாமன் மச்சான். உங்களுக்கு எது சௌகரியமோ அதை வெச்சுக்கங்க."

ஊருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருஷமும் அவர்கள் செய்துவந்தது அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பாண்டுக்குழி ஆத்தாவுக்குக் கிடா வெட்டிச் சோறு போட்டார்கள். ஜெசிந்தா டேப் பிடித்து அளந்து, இருநூறு மீட்டருக்கு வெளியேதான் பந்தல் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வெள்வேல மரத்தடியில் பாய் விரித்து இலை போட்டாயிற்று. மித்ரன் வழக்கம்போல நேரே சமையல் பந்தலுக்குப் போய் வாளியைத் தூக்கினான். குனிந்து முதல் இலைக்கு ஊற்றப் போனவனின் கையை யாரோ பிடித்தார்கள். தருண்.

"வாளியைக் கீழ வையுங்க," என்றான். இருபது வருஷத்தில் அவன் மித்ரனோடு நேருக்கு நேராகப் பேசியது அதுதான் முதல்தடவை. "வாரிசு நின்னுட்டிருக்கறப்ப நாங்க எப்படி உக்காந்து திங்கறது? இப்படி என் பக்கத்துல உக்காருங்க."

தங்கைக்கு அவன் செய்தது அந்த ஒரு பேச்சில் சரியாகிவிடவில்லை. அது வேறு விண்ணப்பம், வேறு நாள். தருணுக்கும் அது தெரிந்திருந்தது, தன்ஷிகாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. ஆனால் நகர்ந்து உட்கார்ந்து இடம்விட்டான். மித்ரன் எங்கே கை வைப்பது, எப்படிக் கால் மடக்குவது என்று தெரியாமல் முதல் பந்தியில் உட்கார்ந்தான். தண்ணீர் தெளித்து இலையை மூன்று தடவை துடைத்தான்.

தன்ஷிகா வாளியை எடுத்துக்கொண்டாள். அன்று காலையில்தான் சான்றிதழின் கடைசிக் கட்டத்தை முடித்திருந்தாள். ஏழு கோடிப் பேருக்குத் தூரத்து உறவு என்று பெட்டியே நிரப்பிக்கொண்டது. விண்ணப்பதாரரின் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் விண்ணப்பதாரருக்கு ரத்த வழியில் என்ன உறவுமுறை என்று ஆபரேட்டர்தான் பொறுக்கிப் போட வேண்டும். மித்ரனின் வீட்டில் வேறு யார், அவள் ஒருத்திதான். பட்டியல் விரிந்தது. தங்கை முறை, மகள் முறை, பெரியம்மா முறை, மாமன் மகள். எதைப் போட்டாலும் உண்மைதான், எந்தக் கட்டமும் சிவக்காது. அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை.

மித்ரனின் இலைக்கு அவள் வந்தபோது அவன் தலையைத் தூக்கி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டான். "தன்ஷி, சான்றிதழ்ல நாம ரெண்டு பேரும் என்ன முறைன்னு போட்டே?"

அவள் குனிந்து சோற்றுக்கு நடுவில் ஒரு குழி பறித்து, கரண்டி நிறைய ஊற்றினாள்.

"போதுங்களா, இன்னொரு கரண்டி ஊத்தட்டுங்களா, மாமா?" என்றாள், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. மித்ரன், யார் எதைக் கேட்டாலும் ஆட்டுகிற அதே தலையைத்தான் ஆட்டினான். ஆனால் இலையைப் பார்த்தபடி வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.